காற்றை இறக்கியது நான்தான்

பிரவீணுக்கு,

நீ ஓசூருக்கு பஸ் ஏறி இன்றோடு நான்கு நாள் ஆகிறது. சாப்பிட்டாயா, ரூமில் தண்ணீர் வருகிறதா, பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை விடுகிறானா என்பதையெல்லாம் ஃபோனிலேயே கேட்டு முடித்துவிட்டேன். சிலவற்றை இரண்டு தடவை கேட்டேன், நீயும் பொறுமையாக இரண்டு தடவை பதில் சொன்னாய். ஃபோனில் சொல்ல வராத ஒரு விஷயம் மட்டும் மிச்சம் இருக்கிறது. நான்கு வருடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியது. கம்பெனியில் சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் அரை மணி இருக்கிறது, லேபில் யாரும் இல்லை, அதனால் இப்போது ஆரம்பிக்கிறேன். முடியாவிட்டால் நாளைக்கு இதே நேரத்தில் தொடர்வேன். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். வீட்டில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உன் அத்தை கட்டாயம் படிக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். சாப்பிட்டு எழுந்ததும் உன் அப்பா காலண்டருக்குப் பக்கத்து ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்து உன் முன்னால் நீட்டினார். "எடுத்துட்டுப் போடா. எனக்கு பைக் போதும். ஓசூர்ல ஆபீஸ் ஒரு பக்கம், ரூமு ஒரு பக்கம், இன்னா பண்ணுவ?" என்றார். நீ கையைக்கூட நீட்டவில்லை. "வேணாம்பா. எனக்கும் காருக்கும் ராசியில்ல. பஸ்லயே போய்டறேன்" என்று சிரித்தாய். அதற்காகவே காத்திருந்தது போல அத்தை, "ஆமாண்டா, நீ பஸ்லயே போ. பஸ்ஸுக்கு ஆறு டயரு, ஒண்ணு வெடிச்சாலும் மீதி அஞ்சு இருக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். நான் மட்டும் ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நான்கு வருடமாக எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எந்தக் காதுகுத்துக்குப் போனாலும், அத்தை உன்னை 'வெடி டிரைவர்' என்று அறிமுகப்படுத்துகிறாள். நீ கோபித்துக்கொண்டதே இல்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நீ அதை நம்பிவிட்டாய் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் புரிந்தது.

உனக்கும் எனக்கும் இருபத்தோரு வயதுதான் வித்தியாசம். கெமிஸ்ட்ரி டிகிரி வாங்கிய கையோடு உன்னையும் வாங்கிக்கொண்டேன். அதனாலோ என்னவோ, உன்னை வளர்த்ததில் பாதி, பயத்தில் வளர்த்தது. நீ நடக்க ஆரம்பித்தபோது மேசை முனைக்கெல்லாம் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஸ்பாஞ்சை ஒட்டினேன். நீ சைக்கிள் கற்றபோது உன்னைவிட அதிகமாக நான்தான் ஓடினேன். இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. தெரியாத கதைக்கு வருவதற்கு முன்னால் என் கட்டை விரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

லேபுக்கு வருவதற்கு முன்பு நான் செலக்‌ஷனில் இருந்தேன் அல்லவா, பதனிட்டு முடித்த தோலைத் தரம் பிரிக்கிற இடம். அங்கே கட்டை விரல்தான் எல்லாம். தோலை மேசையில் விரித்து, விரலால் ஓர் அழுத்து அழுத்தி, எவ்வளவு உள்வாங்குகிறது, எவ்வளவு சீக்கிரம் எழும்புகிறது என்று பார்த்தே இது ஷூவுக்கு, இது கையுறைக்கு, இது எதற்கும் ஆகாது என்று சொல்லிவிடுவோம். கனம் அளக்க கேஜ் இருந்தது. நான் முதலில் விரலால் சொல்வேன், அப்புறம் கேஜ் வைப்பார்கள், நான் சொன்னதே வரும். சூப்பர்வைசர் ஒரு தடவை, "கேஜை வீட்டுக்கு அனுப்பிட்டு உங்களை வெச்சுக்கலாம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தை தலைக்கு ஏறிவிட்டது. மாம்பழம், இட்லி மாவு, உன் காய்ச்சல், தலையணைப் பஞ்சு, எல்லாவற்றுக்கும் என் விரலே போதும் என்று நினைத்தேன்.

இப்போது அந்த நாள். சித்திரை முடிந்து கத்திரி வெயில், வேலூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அத்தை மகனுக்கு பாகாயத்தில் பெண் வீட்டில் நிச்சயதார்த்தம். நீ லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம். "பெரிய ரோட்டுல இன்னிக்கு இவனே ஓட்டட்டும்" என்று அப்பாவே சொன்னார். காலையில் அவர் வாணியம்பாடிக்குப் போய் மாலையும் பூவும் வாங்கி வந்து வண்டியை வாசலில் நிறுத்தியபோது மணி பதினொன்றரை இருக்கும். நீ குளித்துக்கொண்டிருந்தாய். அந்த வாரம்தான் பேப்பரில், வெயிலில் டயர் வெடித்துக் கார் கவிழ்ந்தது என்று ஒரு செய்தி படித்திருந்தேன். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போய் டயரைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய கல் மாதிரி கொதித்தது. கட்டை விரலால் அழுத்தினேன், உள்ளே போகவே இல்லை. கட்டாந்தரை. இவ்வளவு இறுக்கமாக இருந்தால் வெடிக்காமல் என்ன செய்யும் என்று என் மூளை சொன்னது. டிகிரி படித்த மூளை.

சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினேன். வால்வு மூடியைத் திருகி எடுத்து, நடுவில் இருக்கும் ஊசியை ஊக்கால் அழுத்தினேன். உஸ்ஸென்று சுடுகாற்று வந்தது. விரலால் அழுத்திப் பார்ப்பது, மறுபடி காற்றை விடுவது, மறுபடி அழுத்திப் பார்ப்பது. கையுறைத் தோல் பதத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். நான்கு டயரும். மூடியை மறக்காமல் மாட்டினேன், கையைச் சேலைத் தலைப்பின் உள்பக்கம் துடைத்துக்கொண்டேன். உள்ளே வந்தபோது ஒரு பெரிய காரியம் முடித்த நிம்மதி. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா சிரிப்பார். வண்டியைத்தான் காப்பாற்றியாகிவிட்டதே, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் நாம் ஏறினோம். முன்னால் நீயும் அப்பாவும். பின்னால் நானும் அத்தையும் மாமாவும், எங்கள் மடியிலும் காலடியிலும் டிக்கியிலும் பதினொரு சீர்த்தட்டு. புறப்பட்டு ஐந்து நிமிடத்தில் நீ சொன்னாய், "அப்பா, ஸ்டியரிங் கனமா இருக்குதுப்பா. வண்டி ஏதோ சேத்துல போற மாதிரி இருக்குது." எனக்கு இன்றைக்கும் அந்த வாக்கியம் அப்படியே காதில் இருக்கிறது. அந்த வண்டியில் உண்மை பேசியது நீ ஒருவன்தான். "புதுசா ஓட்டறவனுக்கு எல்லாம் கனமாதான் இருக்கும், ரோட்டைப் பாரு" என்றார் அப்பா. மாதனூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பின்பக்க இடது டயர் வெடித்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதனால் நீ என்ன செய்தாய் என்பதை அப்போது பார்க்கவில்லை. ஆனால் உடம்புக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீ பிரேக்கைப் போட்டு மிதிக்கவில்லை. வண்டி ஒரு பக்கம் இழுத்தது, நீ இழுக்க விடவில்லை. வேகம் தானாகக் குறைந்தது, அப்புறம் மெதுவாக ஓரம் கட்டினாய், சிக்னல் விளக்கு டிக் டிக் என்று அடித்தது. கண்ணைத் திறந்தபோது எல்லோரும் முழுசாக இருந்தோம். தட்டுகள்தான் முழுசாக இல்லை. அப்பா கதவைத் திறந்ததும் ஆப்பிள்கள் ஒவ்வொன்றாக இறங்கி பெங்களூரு பக்கமாக உருண்டன. அத்தை அழுதது நமக்காக இல்லை, லட்டுத் தட்டுக்காக. அதன்மேல் மாமா உட்கார்ந்திருந்தார்.

"எவ்ளோ ஸ்பீடுல போன?" என்று அப்பா கேட்டார். "எழுபதுதாம்பா" என்றாய். "எழுபதுல எவனுக்குடா டயர் வெடிக்கும்?" "நூறு இருக்கும். நான் அப்பவே சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள் அத்தை. நீ ஜாக்கியை எடுத்தாய். நீயும் அப்பாவும் வியர்வை சொட்டச் சொட்ட ஸ்டெப்னியை மாட்டினீர்கள். அதிலும் காற்று பாதிதான் இருந்தது. தையல் மெஷினுக்கு நாள் தவறாமல் எண்ணெய் விடுகிற மெக்கானிக், உன் அப்பா, அந்த ஸ்டெப்னியை வாங்கின நாளிலிருந்து எட்டிப் பார்த்ததில்லை. அந்தத் தப்பு மட்டும் என் கணக்கில் இல்லை, எழுதி வைத்துக்கொள். அப்பா ஓட்ட, ஊர்ந்து ஊர்ந்து பள்ளிகொண்டாவுக்கு முன்னால் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினோம்.

அந்தக் கடைக்காரர் ஃபயாஸ், முப்பது வயதுக்குள்தான் இருப்பார். நீ எதிர்ப்பக்கம் மரத்தடியில் போய்த் தனியாக உட்கார்ந்துவிட்டாய். அப்பா பெண் வீட்டாரிடம் ஃபோனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தையும் மாமாவும் ஆப்பிள் தேடிக் கடைக்குப் போய்விட்டார்கள். வண்டிக்குப் பக்கத்தில் நான் மட்டும். ஃபயாஸ் கிழிந்த டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மற்ற மூன்றிலும் கேஜை வைத்தார், நிமிர்ந்தார்.

"இன்னா மேடம் இது, காத்து இவ்ளோ கம்மியா வெச்சுக்கினு அஞ்சு பேரு ஏறிக்கினு வந்துருக்கீங்க? சூடா இருக்கும்போதே இருபது காட்டுது. ஆறினா இன்னும் எறங்கும்."

"காத்து ஜாஸ்தியா இருந்ததுனாலதான வெடிச்சுது?" என்றேன்.

"இல்ல மேடம். கம்மியா இருந்தா டயரு ஓடறப்போ பக்கவாட்டுல மடிஞ்சு மடிஞ்சு எழும்பும். அதுலயே சூடாய்டும். இதோ பாருங்க, சுத்தி வர கிழிஞ்சிருக்குது. ஓட்டின வண்டி சூடாதான் இருக்கும், காத்து நாலஞ்சு பாயின்ட் ஜாஸ்திதான் காட்டும், கம்பெனிக்காரன் அதுக்கும் சேத்துதான் டயரு செஞ்சிருக்கான். அத நாம எறக்கக் கூடாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார். "யாரு எறக்கினாங்கன்னு கேக்கமாட்டேன். ஆனா உங்க கட்டை வெரலு ஏன் மேடம் இவ்ளோ கருப்பா இருக்குது?"

நான் விரலை உள்ளே மடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காக இன்றைக்கும் அவரிடம் எனக்கு மரியாதை. "எவ்வளவு காத்து வைக்கணும்?" என்று மட்டும் கேட்டேன். "வண்டியிலயே எழுதியிருக்குமே" என்று டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். கதவு வந்து மூடுகிற இடத்தில், வண்டி வாங்கிய அன்றைக்கு நான் ஒட்டின ரத்தினகிரி முருகன் ஸ்டிக்கர் இருந்தது. அதன் ஓரத்தில் டயர் படம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. "சாமியைக் கொஞ்சம் மேல தள்ளி ஒட்டிக்குங்க மேடம். அவருக்கு அடியில இருக்கற நம்பருதான் உங்களுக்கு வேணும்" என்றார் ஃபயாஸ். மீதி மூன்று டயரிலும் மாட்டியிருந்த ஸ்டெப்னியிலும் சரியாக நிரப்பினார். "நம்ம பையன் ஓட்டினானா? நல்லா நிறுத்தியிருக்கான். ரிம்மே அடிபடல பாருங்க. வேற யாராவது இருந்தா பிரேக்கை மிதிச்சிருப்பான், வண்டி பல்டி அடிச்சிருக்கும்" என்றார்.

அந்த இடத்தில் ரோட்டைத் தாண்டி உன்னிடம் வந்திருக்க வேண்டும். இருபது அடி தூரம் கூட இருக்காது. அப்பா ஃபோனை வைத்தார், அத்தை ஆப்பிளோடு வந்துவிட்டாள், "இவன் கையில இனிமே சாவி குடுக்காத" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் சாவி ஆணிக்குப் போனது.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அத்தையின் வாய்க்குப் பயந்தேன் என்று எழுதலாம், அதுவும் உண்மைதான். ஆனால் அது பாதிதான் உண்மை. மீதியை எழுதத்தான் எனக்கு நான்கு வருடம் ஆயிற்று. சாவி ஆணியில் தொங்கியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, கண்ணா. நீ ஓட்டவில்லை என்றால் நீ ரோட்டில் இல்லை, நீ ரோட்டில் இல்லை என்றால் நான் தூங்கலாம். என் தப்பு உன் மேல் இருந்தது எனக்கு வசதியாகப் போய்விட்டது. மேசை முனைக்கு ஸ்பாஞ்ச் ஒட்டியதுபோல உன் கைக்கும் ஒட்டிவிட்டேன். பயத்தில் செய்ததை எல்லாம் பாசம் என்று பெயர் வைத்துக்கொள்வது என் போன்ற அம்மாக்களுக்கு எளிது.

ஒரு பரிகாரம் செய்தேன், ரகசியமாக. அந்த மாதமே ஒரு கேஜ் வாங்கினேன். பேனா மாதிரி இருக்கும், பின்னால் குச்சி வெளியே வந்து எண்ணைக் காட்டும். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை, அப்பா எழுந்திருக்கும் முன்னால், கோலம் போடப் போகிற சாக்கில் ஐந்து டயரையும் பார்த்துவிடுவேன். குறைந்திருந்தால், "பெட்ரோல் போடறப்போ அப்படியே காத்தும் பாத்துட்டு வாங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவேன். இந்த நான்கு வருடத்தில் ஒரு டயருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் அப்பா கடைசியில் கண்டுபிடித்த காரணம் என்ன தெரியுமா? "என் டிரைவிங் அப்படி. பொண்ணு மாதிரி ஓட்டுவேன்" என்று கடைத்தெருவில் சொல்லித் திரிகிறார்.

அதனால் இந்த விஷயத்தில் உனக்கு புத்தி சொல்ல எனக்கு இப்போது தகுதி வந்துவிட்டது என்று நினைக்கிறேன். காலையில், வண்டி நகர்வதற்கு முன்னால் பார். ஓடி வந்து சூடாக இருக்கும்போது பார்த்த எண்ணை நம்பாதே, நம்பி இறக்காதே. கதவோரம் இருக்கும் எண்தான் உனக்கு. நம் வண்டிக்கு முப்பத்து மூன்று, ஆள் நிறைய ஏறி சாமான் இருந்தால் பின்னால் முப்பத்தாறு. டயரின் மேலேயே ஓர் எண் எழுதியிருக்கும், அது அந்த டயர் தாங்குகிற எல்லை, நீ வைக்க வேண்டியது இல்லை, அதைப் பார்த்துக் குழம்பாதே. கம்மியானால் வெடிக்கும் என்பதோடு முடிவதில்லை, மழையில் பிரேக் பிடிக்காது, பெட்ரோலும் குடிக்கும். ஜாஸ்தியானால் டயர் நடுவில் மட்டும் தேயும், பள்ளத்தில் இறங்கினால் வண்டி துள்ளும். ஓசூரிலிருந்து வீட்டுக்குக் கிளம்புகிற நாளெல்லாம் ஒரு தடவை பார். வால்வு மூடியைத் தொலைக்காதே, அதைத் திருகி எடுத்தால் முதலில் பாக்கெட்டில் போடு. ஸ்டெப்னியை மறந்தால் அப்பா பிள்ளை என்று எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருக்கும், காலால் உதைத்தாலும் நன்றாகத்தான் இருக்கும். கட்டை விரலால் அழுத்தாதே. நம் குடும்பத்தில் அது போதும்.

நேற்று காலை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். காபியைக் குடித்து முடித்தார். அப்புறம், "எழுபதுதான்னு அவன் சொன்னான். நான் நம்பல" என்றார். எழுந்து போய் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பார்த்தார். அடுத்து அத்தைக்கு ஃபோன் செய்தேன். "அண்ணி, அன்னிக்குக் காத்தை எறக்கினது நான்தான். பிரவீண் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். "அடிப்பாவி, அப்போ என் லட்டை நாசம் பண்ணதும் நீதானா?" என்றாள். "ஆமா அண்ணி." "நாலு வருஷமா புள்ளைய வெடி டிரைவர்னு கூப்ட்டுட்டனே, நீயும் கூட நின்னு கேட்டுட்டு இருந்தியே."

அத்தை மகன் குழந்தைக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து, ரத்தினகிரியில். நீ சனிக்கிழமை வருகிறாய். ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் நீயும் நானும் வாசலுக்குப் போவோம். கேஜை உன்னிடம் கொடுப்பேன், நீ பார், நான் எழுதிக்கொள்கிறேன். அப்புறம் நீ ஓட்டு. அதே ரோடு, அதே மாதனூர், அதே ஐந்து பேர், அதே மாதிரி தட்டு. லட்டு மட்டும் இந்தத் தடவை மாமா மடிக்கு எட்டாத இடத்தில். பயமாக இருந்தால் பள்ளிகொண்டாவில் நிறுத்திக்கொள், ஃபயாஸ் கடையில் டீ குடிக்கலாம். அவர் உன்னைப் பற்றிச் சொன்னதை அவர் வாயாலேயே கேள். எனக்கும் பயமாக இருக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன், அது உன் வேலை இல்லை. ராசியில்லாதது இந்த வீட்டில் எதுவும் இருந்தால் அது என் கட்டை விரல். உன் கைதான் அன்றைக்கு நம் ஐந்து பேரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அதை அன்றைக்கே, இருபது அடி நடந்து வந்து, உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சாவியை ஆணியிலிருந்து எடுத்து இந்தக் கடிதத்தோடு உன் மேசையில் வைக்கிறேன். யார் எங்கே உட்கார்வது என்று அத்தை நேற்றே முடிவு செய்துவிட்டாள். ஃபோனை வைப்பதற்கு முன்னால் அவள் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன்: "ஞாயித்துக்கிழமை முன் சீட்டு எனக்கு, பிரவீணு பக்கத்துல. நீ கட்டை வெரலை மடக்கிக்கினு பின்னாடி உக்காரு."

அம்மா